ஆள் பார்க்கும் படலம்

ஜாம்போனி வண்டி கடைசிச் சுற்றில் இருக்கிறது. அடியிலுள்ள கத்தி பனியின் மேல்தோலைச் சீவி எடுக்க, பின்னால் இழுபட்டு வரும் ஈரத்துணி சூடான தண்ணீரைத் தடவிக்கொண்டே போகிறது. சுடுதண்ணீர் விட்டா ஐஸ் கட்டுகிறார்கள் என்று புதிதாகப் பார்ப்பவருக்குத் தோன்றும். சூடு பட்டால்தான் பழைய பனி லேசாக இளகி, புதிய நீரோடு ஒட்டி உறையும். ஓட்டுகிறவருக்கு அறுபது வயது இருக்கலாம். தலையில் கம்பளிக் குல்லாய், வாயில் சூயிங்கம். இந்தக் கட்டடத்தில் இன்றிரவு எந்த மனிதரையும் பார்க்காதவர் அவர் ஒருவர்தான். மற்ற எல்லோரும் யாரையாவது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

டொரண்டோவின் வடபகுதியான நார்த் யார்க். ஃபின்ச் அவென்யூ மேற்கில் இருக்கும் ஹெர்பர்ட் கார்னகி அரங்கம். ஜனவரி மாத வெள்ளிக்கிழமை. வெளியே நிற்கும் கார்களின் மேல் சாலை உப்பின் வெள்ளைப் படிவு. உள்ளே வந்தும் யாரும் கோட்டைக் கழற்றவில்லை. நடைபாதையெங்கும் கறுப்பு ரப்பர் விரித்திருக்கிறார்கள், ஸ்கேட்டின் கத்தி மழுங்காமல் இருக்க. அந்த ரப்பரின் வாடையும், பல மாத வியர்வை ஊறிய கவசப் பைகளின் வாடையும், உருளைக்கிழங்கு வறுக்கும் எண்ணெய் வாடையும் சேர்ந்து ஒரே வாடையாகிவிட்டன. பழகியவர்களுக்கு அது வாடையே இல்லை.

கிரேட்டர் டொரண்டோ ஹாக்கி லீகின் ஆட்டம் இது. 1911-ல் ஏரிக்கரையோரம் பீச்சஸ் வட்டாரத்தில் ஃபிராங்க் ஸ்மித் என்பவர் பையன்களைத் திரட்டி ஆரம்பித்த சின்ன லீக், பெயர் மாறி மாறி வளர்ந்து, உலகிலேயே பெரிய சிறார் ஹாக்கி அமைப்பு நாங்கள்தான் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டது. அதில் ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று தட்டுகள் உண்டு. இன்று ஆடுகிறவர்கள் டிரிபிள் ஏ, உச்சித் தட்டு. பதினாறு வயதுக்கு உட்பட்டோர் என்பது பிரிவின் பெயர். இந்த 2025-26 பருவத்தில் அதன் பொருள் 2010-ல் பிறந்தவர்கள்.

பதினைந்து வயது ஏன் இத்தனை பெரிய விஷயம் என்றால், வசந்த காலத்தில் ஒண்டாரியோ ஹாக்கி லீகின் தேர்வு வருகிறது. அந்த லீகில் இருபது அணிகள். பதினைந்து சுற்று. ஏறத்தாழ 300 பெயர்கள். தேர்வாகி அணியிலும் இடம் பிடித்துவிட்டால், பையன் பதினாறு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத குடும்பத்தின் மாடியறையில் தங்கி, அங்கேயே பள்ளிக்கூடம் போய் ஹாக்கி ஆடுவான். தேர்வான 300 பேரிலும் பலர் அந்த லீகின் பனியில் கால் வைப்பதேயில்லை. ஆனாலும் பட்டியலில் பெயர் வர வேண்டும். கானர் மெக்டேவிட் இந்த லீகின் டொரண்டோ மார்ல்பரோஸ் அணியில் ஆடி, 2012-ல் விதிவிலக்கு வாங்கி, பதினைந்து வயதிலேயே அந்த மேல் லீகுக்குப் போனவர். அவர் பெயரை இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எல்லோர் கணக்கிலும் அவர் இருக்கிறார்.

அந்த மேல் லீகின் அணிகளுக்கு ஆள் பார்க்க வந்தவர்களை அடையாளம் காண்பது எளிது. பார்வையாளர் வரிசையில் உட்கார மாட்டார்கள். மூலையில், மேலே, தனித்தனியாக நிற்பார்கள். ஜாக்கெட்டின் நெஞ்சில் கைக்குட்டை அகலத்தில் அணியின் சின்னம். கையில் காகிதக் கோப்பைக் காப்பி, இன்னொரு கையில் இரண்டாக மடித்த ஆட்டக்காரர் பட்டியல். கைதட்டுவதில்லை. கோல் விழுந்தால் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நம் வீடுகளில் பெண் பார்க்க வரும் பெரியவர்கள், பெண் பாடும்போது பாட்டைக் கேட்காமல், அவள் காப்பித் தட்டை எப்படி வைத்தாள் என்று கவனிப்பார்களே, அந்தப் பார்வை. பக் என்ற அந்த ரப்பர் வட்டு யாரிடம் இருக்கிறதோ அவனை மற்ற எல்லோரும் பார்க்கிறார்கள். பக்கைப் பறிகொடுத்தவன் அடுத்த நொடி என்ன செய்கிறான் என்பதை இவர்கள் பார்க்கிறார்கள். பெஞ்சுக்குத் திரும்பிய பையன் கோச் திட்டும்போது தலையை எந்தப் பக்கம் திருப்புகிறான் என்பதைக்கூடப் பார்க்கிறார்கள்.

இவர்கள் நிற்கும் மூலை எது என்று பெற்றோர்களுக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரியும். பையன்களுக்கும் தெரியும். ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடேற்ற வட்டமடிக்கும்போது, அந்த மூலையை நெருங்கினால் மட்டும் எல்லோரும் சற்று வேகமாகப் போகிறார்கள்.

நான் நடுவரிசையில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைத் திறக்கிறேன். அதுதான் வினை. ஒரு சிவப்பு ஜாக்கெட்காரர், கையில் காப்பியோடு, காலி இருக்கைகள் எத்தனையோ இருக்க, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டிம் ஹார்டன்ஸ் காப்பி. மேப்பிள் லீஃப்ஸ் அணிக்கு ஆடிய ஒருவர் 1964-ல் தொடங்கிய கடை அது. இந்த நாட்டில் காப்பிக் கோப்பையில்கூட ஒரு ஹாக்கிக்காரர் பெயர்தான்.

ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடம் வரை அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, பனியிலிருந்து கண்ணை எடுக்காமல், யாருக்கோ சொல்வது போலச் சொன்னார்:

"வெள்ளையில் ஒன்பது. நவம்பர் பையன்."

நான் பேசவில்லை. பேசாமலிருப்பதும் என் பழக்கம். இந்த இடத்தில் அது எனக்கு ஆள் பார்க்கும் உத்தியோகத்தையே கொடுத்துவிட்டது.

"நவம்பர் கடைசி," என்றார் மறுபடியும். "அவன் அண்ணன் பதினேழு வயதில்தான் வளர்ந்தான்."

விஷயம் தெரிந்தவருக்கு நவம்பர் என்ற அந்த ஒரு சொல் போதும். வயதுப் பிரிவுக்கான கணக்கு ஜனவரி 1-லிருந்து தொடங்குகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதுக்காரர்கள் என்று காகிதம் சொல்லும். ஏழு வயதில் பதினோரு மாத வித்தியாசம் என்பது கண்ணுக்குத் தெரியும் உயரம். உயரமானவனை நல்ல அணியில் எடுக்கிறார்கள், நல்ல அணிக்கு நல்ல கோச், கூடுதல் பயிற்சி, கூடுதல் ஆட்டம். சில வருடம் கழித்துப் பார்த்தால் அவன் உண்மையிலேயே நன்றாக ஆடுகிறான். 1980-களின் நடுவில், அல்பர்ட்டாவின் லெத்பிரிட்ஜ் நகரில், ராஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியல் பேராசிரியர் ஒரு ஜூனியர் ஆட்டத்துக்குப் போயிருந்தார். ஆட்டத்தின் அச்சடித்த குறிப்பைப் புரட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி பாலாதான் ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்கள் வருடத் தொடக்கத்தில் குவிந்திருப்பதைக் கண்டு கணவரிடம் காட்டினார். அதிலிருந்து பிறந்த ஆராய்ச்சியை இன்று உலகமெங்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். பார்வையாளர் வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்தவர் கண்டுபிடித்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. விஷயம் ஊரறிந்து நாற்பது வருடம் ஆகிவிட்டது. ஜனவரி 1 இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஒன்பதைப் பார்க்கிறேன். கவசங்களோடும் சிறியவன். சட்டையின் எண் கால்சட்டைக்குள் பாதி மறைகிறது. அவன் வரிசையில் ஆடும் மற்ற இருவரும் அவனைவிட ஒரு சாண் உயரம். ஆனால் சறுக்கும்போது முழங்கால் மடங்கும் விதத்தில் ஒரு கஞ்சத்தனம் இருக்கிறது, வீண் அசைவு கிடையாது. திரும்பும் இடத்தில் பனி தெறிப்பதில்லை. மற்றவர்கள் நின்று திரும்பும் இடத்தில் அவன் நிற்காமலே திரும்பிவிடுகிறான்.

இந்த ஆட்டத்தில் யாரும் நீண்ட நேரம் பனியில் இருப்பதில்லை. முக்கால் நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். உயிரைக் கொடுத்து ஓடிவிட்டுப் பெஞ்சுக்கு வந்து விழ வேண்டும், அடுத்தவன் பாய வேண்டும். இதற்காக ஆட்டம் நிற்காது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் மாறுவார்கள். முன்வரிசைப் பையன்கள் இடுப்புயரப் பலகைமேல் கை ஊன்றித் தாண்டிக் குதிக்கிறார்கள், அதில் ஒரு மிடுக்கு. ஒன்பதுக்குப் பலகை உயரம். அவன் கதவு வழியாகத்தான் வருகிறான்.

அந்தக் கதவைத் திறப்பவன் முப்பத்தொன்று. வெள்ளை அணியின் இரண்டாவது கோல்கீப்பர். என் கண் பிறகு அவனைவிட்டு அதிகம் நகரவில்லை. ஆடுகிறவனைப் போலவே அவனும் கால்களில் தலையணை தடிமனுக்குப் பட்டைகளும் நெஞ்சுக் கவசமும் அணிந்து உட்கார்ந்திருக்கிறான். தலைக்கவசத்தை மட்டும் கழற்றி அணியின் தொப்பி போட்டிருக்கிறான். அநேகமாக இன்று அவன் பனியில் இறங்கப் போவதில்லை. பெஞ்சின் ஓரத்தில், தாழ்ப்பாளில் ஒரு கை. வருகிறவன் இன்னும் பத்தடி தூரத்தில் இருக்கும்போதே திறக்கிறான். ஒரு நொடி முந்தினால் பக் திறந்த கதவு வழியாக வெளியே போகலாம், எதிராளி அந்தத் திறப்பின் விளிம்பில் மோதலாம். ஒரு நொடி பிந்தினால் தன் ஆளே மூடிய கதவில் மோதுவான். வருகிறவன் நுழைந்ததும் தன் பருத்த கையுறையால் அவன் முழங்கால் கவசத்தில் ஒரு தட்டு. கோல் போட்டவனுக்கும் தட்டு, பக்கைத் தொலைத்தவனுக்கும் தட்டு. தண்ணீர்ப் புட்டியை எடுத்து நீட்டுகிறான். மறுபடி தாழ்ப்பாளில் கை. முதல் பகுதியில் ஒருமுறைகூட அவன் கதவு தவறவில்லை. அதைப் பட்டியலில் குறிக்க ஒரு கட்டம் கிடையாது.

முதல் இடைவேளையில் உணவுக் கவுண்டர் அருகே கூட்டம். கறுப்புக் கம்பளிக் கோட்டு அணிந்த ஒருவர் ஒரு தம்பதியிடம் மெல்லிய குரலில் விளக்கிக்கொண்டிருக்கிறார். இவர்களை ஏஜெண்ட் என்று சொல்ல மாட்டார்கள், குடும்ப ஆலோசகர் என்பது மரியாதைப் பெயர். பேச்சு புதிய விதியைப் பற்றியது. முன்பெல்லாம் ஒண்டாரியோ லீகில் ஆடப் போன பையனுக்கு அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் கதவு மூடிவிடும். ஒன்று இது, இல்லாவிட்டால் அது. பதினைந்து வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு வீடே அந்தச் சிக்கலில் தூக்கம் கெட்டுக் கிடக்கும். 2025 ஆகஸ்ட் முதல் அந்தத் தடை நீங்கிவிட்டது. இரண்டு பக்கமும் கதவு திறந்தால் கவலை பாதியாகும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தால் இரட்டித்திருப்பதாகத் தெரிகிறது.

பணத்தைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. டிரிபிள் ஏ தட்டில் ஒரு பருவத்துக்கான மொத்தச் செலவு பத்தாயிரம் கனடிய டாலரைச் சுலபமாகத் தாண்டும். பனித்தள வாடகை, கோச், வெளியூர்ப் போட்டிகள், கோடைக்காலத் தனிப் பயிற்சி. ஒரு மட்டையே சில நூறு டாலர், அது ஒரே அடியில் முறியும். இன்று ஒன்று முறிந்தது. முறிந்த துண்டை நடுவர் ஓரமாகத் தள்ளியபோது, எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்த ஒரு அம்மா கண்களை மூடித் திறந்தாள்.

வாசல் பலகையில் இருக்கும் பெயரை இங்கே எத்தனை பேர் படித்திருப்பார்களோ. ஹெர்பர்ட் கார்னகி 1919-ல் டொரண்டோவில் பிறந்தவர், பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். இதே வடக்குப் பகுதியின் உறைந்த குட்டைகளில் சறுக்கிப் பழகியவர். 1940-களில் கியூபெக்கில் ஆடினார். தம்முடைய அண்ணன் ஆஸியோடும் மேனி மெக்கின்டயரோடும் சேர்ந்து முன்வரிசை முழுவதும் கறுப்பர்களாக ஆடிய அந்த மூவரைப் பார்க்கவே கூட்டம் வரும். 1948-ல் தேசிய ஹாக்கி லீகின் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணி அவரைப் பயிற்சி முகாமுக்கு அழைத்துப் பார்த்தது. கடைசியில் கொடுக்க முன்வந்தது கீழ்த்தட்டு அணியில் இடம். சம்பளம் அவர் கியூபெக்கில் வாங்கியதைவிடக் குறைவு. மனைவி மக்கள் இருந்த மனிதர், வேண்டாம் என்று திரும்பிவிட்டார். தேசிய லீகில் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. முதல் கறுப்பர் அங்கே பனியில் இறங்க 1958 வரை ஆனது. கார்னகி 1950-களில் சிறுவர்களுக்கு ஹாக்கிப் பள்ளி தொடங்கினார், பிறகு நிதி ஆலோசகராக நன்றாகவே வாழ்ந்து, 2012-ல் இறந்தார். அதற்குப் பத்து வருடம் கழித்து ஹாக்கிப் புகழ்மன்றத்தில் சேர்த்தார்கள். அதுவும் ஆட்டக்காரராக அல்ல, ஆட்டத்தை வளர்த்தவர் என்ற கணக்கில். ஆள் பார்க்க வருகிறவர்களின் கண் எதைப் பார்த்தது, எதைப் பார்க்க மறுத்தது என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. அவர் பெயர் தாங்கிய வாசல் வழியாகத்தான் அந்தச் சின்னம் போட்ட ஜாக்கெட்டுகள் வாரம்தோறும் உள்ளே வருகின்றன.

மூன்றாவது பகுதி. இரண்டுக்கு இரண்டு. ஆட்டம் தடிக்கத் தொடங்கிவிட்டது. கனடாவில் பன்னிரண்டு வயதுவரை உடம்பால் மோதி ஆடுவதை 2013-ல் தடை செய்தார்கள். இந்தப் பையன்களுக்கு அந்த வயது எப்போதோ கடந்துவிட்டது. நீல அணியில் ஒரு பின்வரிசைக்காரன், ஆறடிக்கு மேல், தாடையில் லேசாக முடி அரும்பியிருக்கிறது. அவன் எந்த மாதத்தில் பிறந்திருப்பான் என்று யோசிக்கும் அளவுக்குப் பக்கத்து ஆசாமி என்னைக் கெடுத்துவிட்டார்.

ஒன்பது ஓரப் பலகையை ஒட்டிப் பக்கை நகர்த்திக்கொண்டு போகிறான். தலையைக் குனிந்திருந்தது அரை நொடி. ஆறடிக்காரன் தோளைக் கொடுத்தான். விதிப்படியான மோதல்தான், நடுவரின் கை எழவில்லை. கண்ணாடித் தடுப்பு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை அதிர்ந்து அடங்கியது. ஒன்பதின் மட்டை ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.

பக்கத்திலிருந்தவர் எழுந்து நின்றார். சத்தம் போடவில்லை. அவர் கண் பனிக்குப் போகும் என்று எதிர்பார்த்தேன். முதலில் போனது மேலே, மூலைக்கு. அங்கே நின்றவர் காப்பியைத் தரையில் வைத்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஒன்பதின் அப்பா அந்தப் பேனாவைப் பார்த்தார். பிறகுதான் மகனைப் பார்த்தார். இரண்டுக்கும் இடையே ஒரு மூச்சு நேரம்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த மனிதர் பல வருடங்களாக, இருட்டு விலகாத காலைகளில், மகனை எழுப்பி, கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டி, கொண்டுவந்து விட்டவர். அவருடைய பயம் எந்தப் பக்கம் முதலில் ஓடும் என்பது அவர் கையில் இல்லை.

ஒன்பது முழங்காலில் எழுந்து, மட்டையைத் தேடி எடுத்து, நிமிராமலே பெஞ்சுக்கு வந்தான். கதவு திறந்திருந்தது. முழங்காலில் ஒரு தட்டு. முப்பத்தொன்று அவன் காதருகே குனிந்து ஏதோ சொன்னான். ஒன்பது சிரித்தான், கம்பிக் கூண்டுக்குள் பல்லுறை தெரிந்தது. என்ன சொல்லியிருப்பான் என்று அறிந்துகொள்ள நான் எதையும் கொடுப்பேன்.

இரண்டு நிமிடம் கழித்து ஒன்பது மறுபடி இறங்கினான். எதிர் அணியின் நீலக் கோட்டருகே பக்கைப் பறிகொடுத்தான். தவறு அவனுடையதுதான். நீல அணி மூன்று பேராகத் திரும்பிப் பாய்ந்தது, எதிரே வெள்ளையில் ஒருவன்தான். ஒன்பது திரும்பினான். அந்தக் கஞ்சத்தனமான முழங்கால்கள் இப்போது கணக்குப் பார்க்கவில்லை. தளத்தின் பாதி நீளம் ஓடி, கடைசி ஆளை எட்டிப் பிடித்து, பின்னாலிருந்து அவன் மட்டையைத் தன் மட்டையால் மெல்லத் தூக்கிவிட்டான். வந்த பாஸ் அடியில் வழுக்கி மூலைக்குப் போயிற்று. கோல் விழவில்லை. விழாத கோலுக்குப் பலகையில் இடமில்லை, கைதட்டும் வரவில்லை. நான் மேலே பார்த்தேன். மூலை காலியாக இருந்தது. தரையில் காப்பிக் கோப்பை மட்டும். வேறு அரங்கத்தில் இன்னொரு ஆட்டம் இருந்திருக்கும்.

நோட்டில் எழுதிக்கொண்டேன். அவ்வளவு ஓட்டமும் யாருமே எழுதாமல் போவதா என்று இருந்தது.

நீல அணி கடைசி நிமிடங்களில் ஒரு கோல் போட்டு மூன்றுக்கு இரண்டு என்று வென்றது. அந்தக் கோல் எப்படி விழுந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் அப்போது முப்பத்தொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தொப்பியைக் கழற்றித் தலைமுடியைக் கோதி மறுபடி போட்டுக்கொண்டான், கோச் பெஞ்சில் பலகையை ஓங்கித் தட்டியதற்கு அவன் மட்டும் திடுக்கிடவில்லை.

வாசல் கூடத்தில் பையன்கள் ஈரத் தலையோடு, ஒரே மாதிரி ட்ராக்சூட்டில், தங்கள் எடையில் பாதி இருக்கும் பைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கவசங்கள் கழன்றதும் எல்லோருக்கும் வயது குறைந்துவிட்டது. ஆறடிக்காரன் தன் அம்மாவிடம் சாக்லேட் பால் கேட்கிறான். முப்பத்தொன்று பையைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தான். கோல்கீப்பர் பைதான் இருப்பதிலேயே பெரியது.

"நாளைக்கு நான்தான்," என்றான் அம்மாவிடம்.

"எத்தனை மணிக்கு?"

"ஏழே காலுக்கு அங்கே இருக்கணும். மிசிசாகா."

"பிரிட்ஜில் பாஸ்தா இருக்கு. போனதும் சாப்பிட்டுப் படு. தம்பிக்கும் காலையில் மேட்ச், அப்பா அவனைக் கூட்டிக்கிட்டுப் போவார்."

இன்றைக்கு ஆடவில்லையே என்ற பேச்சே அங்கே எழவில்லை.

என் பக்கத்து இருக்கைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஒன்பது அவருக்குப் பின்னால், கைப்பேசியில் தலை கவிழ்ந்து.

"அந்தக் கடைசி ஓட்டத்தைக் குறித்துக்கொண்டீர்களா?" என்றார்.

குறித்துக்கொண்டேன் என்றேன். பொய்யில்லை.

"எந்த அணிக்குப் பார்க்கிறீர்கள்?"

எந்த அணிக்கும் இல்லை, பத்திரிகைக்கு எழுதுகிறவன், தமிழில், என்றேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். ஒரு கணம் யோசித்தார்.

"எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் தமிழர்கள்தான். நல்ல மனிதர்கள்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நவம்பர் என்று போட்டுவிடுங்கள்," என்றார். சொல்லும்போதே அவர் கண்கள் என் தோளைத் தாண்டி, வாசலருகே கையுறை மாட்டிக்கொண்டிருந்த சின்னம் போட்ட இன்னொரு ஜாக்கெட்டுக்குப் போய்விட்டன. மகனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார்.